எடை இருக்கும் இடம்

நவம்பர்ப் புயல் எங்கள் சரிவில்
நாற்பத்தேழு ஸ்ப்ரூஸ் மரங்களைப்
படுக்க வைத்துவிட்டுப் போனது.
வெயில் ஏறிப் பட்டைவண்டு விழிப்பதற்குள்
சாலையோரம் சேர்த்தாக வேண்டும்.
கைனூ காட்டில் பனி ஏப்ரல் வரை பொறுக்கும்,
அதற்குமேல் சதுப்பு யாரையும் விடாது.

என்னிடம் இருப்பது
இருபத்தாறு குதிரைத்திறனில் ஒரு சின்ன டிராக்டர்.
குதிரைகள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன,
ஊன்றத்தான் குளம்பில்லை.

ஏழாவது கட்டையை ஏற்றியதும்
பின்சக்கரங்கள் பனியைக் குடைகின்றன,
முன்சக்கரங்கள் மெல்ல எழுந்து
யாருக்கோ வணக்கம் வைக்கின்றன.
ஒன்றரை டன் டிரெய்லர் மட்டும்
சாப்பாடு வராமல் எழமாட்டேன் என்கிற
விருந்தாளி போல
உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்துப் பண்ணை ஹெல்வி வந்து பார்த்தாள்.
முப்பது வருடம் கப்பல் தளத்தில் வெல்டிங் பிடித்தவள்.
டிரெய்லர் டயரை ஒரு உதை உதைத்தாள்.
"எடை முழுக்க இங்கே கிடக்கிறது, தவுனோ.
கால் மட்டும் அங்கே.
எடை இருக்கிற இடத்தில் அல்லவா கால் இருக்கணும்?"

செத்துப்போன அறுவடை இயந்திரம் ஒன்றின் வயிற்றிலிருந்து
இரண்டு ஹைட்ராலிக் மோட்டார்கள்.
தண்ணீர்க் குழாய்த் துண்டில் இரண்டு உருளைகள்.
ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பற்கள்,
நாக்கைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள்.
பக்கத்துக்கு இரண்டு டயர்கள்,
நடுவில் ஒரு உருளை இறங்கி
இரண்டையும் ஒரே நேரத்தில் கடிக்கும்.

கூலி? பிர்ச் விறகு,
பிளந்து, உலர்த்தி, அவள் கொட்டகை நிறைய.

"உன் பம்ப் நிமிடத்துக்குப் பதினெட்டு லிட்டர் எண்ணெய்தான் தரும்.
வேகம் வேணுமா, விசை வேணுமா,
ஒன்றைக் கேள்" என்றாள்.
இரண்டையும் கேட்கிற வயது தாண்டிவிட்டது எனக்கு.

முதல் நாள்
பற்கள் ரப்பரில் இறங்கிய சத்தம்
பச்சை முட்டைக்கோசைக் கடிப்பது போல.
டிரெய்லர் ஒருமுறை முனகியது.
பிறகு நடந்தது.
ஆமாம், நடந்தது,
மாடு கழுத்தை நீட்டி ஏறுமே அப்படி,
பதினோரு கட்டைகளோடு
மேடு முழுவதும்.
நான் ஸ்டியரிங்கில் இருந்தேன் என்பதைத் தவிர
எனக்கு அதில் பங்கில்லை.

சதுப்போர வளைவில்தான் புத்தி வந்தது.
நான் இடப்பக்கம் திரும்பினேன்,
டிரெய்லர் திரும்பவில்லை.
அது நேராகத் தள்ளியது.
இழுவைக் கம்பி முழங்கை போல மடங்க,
டிராக்டர் குறுக்கே சரிந்து வாய்க்காலில் மூக்கை நட,
பக்கவாட்டுக் கண்ணாடியில்
என் மரங்களே என்னைப் பார்த்தபடி வந்தன.
வண்டியும் ஓடம் ஏறும் என்பார்கள்.
என் வண்டி என் முதுகிலேயே ஏறப் பார்த்தது.

காலம் முழுக்க இழுபட்டு வந்த ஒன்று
ஒருநாள் தள்ளத் தொடங்கும் என்று
எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஹெல்வி சிரிக்கவில்லை.
வாய்க்காலில் இறங்கி, கம்பியைத் தடவி,
"வளைவில் விட்டுவிடு" என்றாள்.
"நேராக இருக்கும்போது மட்டும் கேள்."
மறுநாள் என் வலதுகாலடியில்
ஸ்பிரிங் வைத்த ஒரு மிதி.
மிதித்தால் பற்கள் இறங்கும்.
எடுத்தால் எழும்,
மறுபடி அது வெறும் டிரெய்லர்,
சொன்ன பேச்சுக் கேட்டுப் பின்னால் வரும்.

மிதிக்க, எடுக்க,
மார்ச் மாதம் இப்படித்தான் போனது.
டயரெல்லாம் பல்தடம்.
பனியில் எண்ணெய்ச் சொட்டுகள்,
நாய் முகர்ந்துவிட்டு முகம் சுளித்தது.

நாற்பத்தொன்று சாலைக்கு வந்துவிட்டன.
ஆறு இன்னும் ஓடைக்கு அப்பால் கிடக்கின்றன,
ஓடையில் பனிக்கட்டி கறுத்துவிட்டது.
ஹெல்வி கரையில் நிற்கிறாள்,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு,
கட்டைவிரலை நீட்டி,
எதையோ அளந்தபடி.

நான் அவளை அவசரப்படுத்துவதில்லை.
விறகு இன்னும் ஒன்றுகூடப் பிளக்கவில்லை.